மாம்பழப் பெட்டியில் இரண்டு சீமை எலிகள்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். பெற்றது நாலு. மற்ற இரண்டும் என் தங்கை பாதியில் விட்டுப் போனவை. ஆறும் தங்கள் சோற்றைத் தாங்களே சம்பாதித்துச் சாப்பிடுகின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் என் வயதுக்காரிகளான உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். தாராவியில் என்னோடு குழாயடியில் குடம் வைத்துச் சண்டை போட்ட நீங்கள் இன்று பாதிப் பேர் வடாலாவில் பதினாலாவது மாடியில் இருக்கிறீர்கள், பாதிப் பேர் கல்யாணில். சண்டை போடக்கூட ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு டீ ஆகிறது. ஆகட்டும், எனக்கு எங்கே போக வேண்டும்.

கிளப்பிவிட்டது என் பேத்தி. போன வாரம் மொபைலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செம்பூரில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறதாம். அவர்கள் வளர்த்த இரண்டு கினி பிக்குக்கு, அதுதான் சீமை எலிக்கு, வீடு தேடுகிறார்களாம். போட்டோ காட்டினாள். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. ஒன்றின் முதுகில் ஒன்று தலையை வைத்துக்கொண்டு கிடந்தன. சும்மா கொடுக்க மாட்டார்களாம், ஃபாரம் நிரப்ப வேண்டுமாம். வீட்டில் எத்தனை பேர், கூண்டு எத்தனை அடி, என்ன காய் போடுவீர்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வீட்டை வீடியோ எடுத்து அனுப்புங்கள். என் ஆறு பிள்ளைகளுக்கும் சம்பந்தம் பேசியபோது சேர்த்து வைத்துக்கூட இத்தனை கேள்வி யாரும் கேட்கவில்லை.

"ஆச்சி, ரெண்டையும் சேத்துத்தான் குடுப்பாங்களாம். பிரிச்சா சாப்பிடாதாம், தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள்.

எனக்குத் தெரியுமாவாம். எரிச்சல் வந்தது. அவள் அம்மா பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், மழையில் நனைந்துகொண்டு, இதே மாதிரி இரண்டைத் தூக்கிக்கொண்டு தாராவிக்கும் செம்பூருக்கும் அலைந்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கொண்டு வந்தது சித்தப்பா. ஊசி மருந்து செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்குக் கூண்டு கழுவுகிற வேலை. மருந்தை முதலில் இந்தச் சீமை எலிகளுக்குப் போட்டுப் பார்ப்பார்களாம். வயதாகி வேலைக்கு ஆகாதவற்றைக் கழித்துவிடுவார்களாம். அப்படிக் கழித்ததில் இரண்டை, கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஹாபூஸ் மாம்பழம் வருகிற மரப்பெட்டி ஒன்று, அதில் பழத்துக்கு வைத்த வைக்கோல் அப்படியே இருந்தது. அந்த வைக்கோலுக்குள் இரண்டும் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வீடு முழுக்க மாம்பழ வாசனை. மாம்பழம்தான் என்று ஓடி வந்து ஏமாந்தவள் நான். அந்த ஏமாற்றம் இன்னும் இருக்கிறது.

அவற்றைச் சித்தப்பா கொண்டு வந்தது சித்திக்காக. கல்யாணமாகி ஆறு வருஷம், சித்திக்குப் பிள்ளை இல்லை. பகலில் அம்மா அப்பளக் கட்டு வேலைக்குப் போய்விடுவாள். அப்பா தோல் கிடங்கில். சித்தி ஒருத்திதான் வீட்டில். "ரெண்டும் ஒண்ணாக் கெடந்து பழகினது. பிரிச்சிராத, திங்காது" என்று சொல்லிப் பெட்டியைச் சித்தி மடியில் வைத்தார். அவ்வளவுதான் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இருந்தது ஒரே அறை. தகரக் கூரை. மழைக்காலத்தில் அம்மாவின் பம்ப் ஸ்டவ் ஒரு பக்கம் சீறும், கூரை ஒரு பக்கம் கொட்டும், அதற்கு நடுவே இந்த இரண்டும் விசில் அடிக்கும். கத்தி முட்டைக்கோஸில் பட்டால் போதும், வீக் வீக் என்று உயிர் போகிற மாதிரிக் கத்தும். கொத்துமல்லிக் கட்டுப் பிரிக்கிற சத்தம் கேட்டாலும் கத்தும். தொட்டால் பயந்து ஒன்றின் அடியில் ஒன்று புகுந்துகொள்ளும். இதிலே வளர்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரே அலுப்பு. ஆனால் சித்தி அதுகளோடு பேசுவாள். சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு ரயில் பாதை ஓரமாகப் போய்ப் புல் அறுத்து வருவாள். மழைப் புல், ஈரமாகக் கொடுத்தால் வயிறு கெடும் என்று தன் பழைய சேலையில் துடைத்துத் துடைத்துக் கொடுப்பாள். எனக்கு அப்படி ஒருநாள் தலை துவட்டியதில்லை என்று நான் அழுதிருக்கிறேன். மறுநாளிலிருந்து எனக்கும் துவட்டினாள், அதே சேலையில். புல் வாசனை அடித்தது.

ஆடி பிறந்ததும் ஊரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். அவள் முன்னால் அப்பா உட்கார மாட்டார், சித்தப்பா பேச மாட்டார். ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து வந்தவள் காலைக்கூடக் கழுவாமல் பெட்டியைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏலே, இதென்ன வாலில்லாத எலி? நம்மூர்ல வயக்காட்டுல கெடந்தா சுட்டுத் தின்னுருப்பான்."

சித்தப்பா சிரித்தார். சித்தி பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அத்தை வந்தது எலி பார்க்க அல்ல. சித்தியைப் பார்க்க. ஊரில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள், ஆவணியில் சித்தப்பாவுக்குக் கட்டி வைக்க. சித்தியைத் தன்னோடு ஊருக்குக் கூட்டிப்போய் அவள் அப்பா வீட்டில் விட்டுவிடுவது என்று முடிவு. திரும்பிப் போக இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார்கள். "கொஞ்ச நாள் ஊர்க் காத்து படட்டும்" என்றுதான் எங்கள் காதில் விழுந்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை. சித்திக்கு விளங்கியது. அம்மாவுக்கும் விளங்கியது, வாயைத் திறக்கவில்லை. அம்மா அடுத்த வீட்டுக்காரியோடு ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் வாதாடுவாள். வீட்டுக்குள் ஊமை.

அத்தைக்குப் பொழுது போக வேண்டுமே. பெட்டியை வெளியே இழுத்துப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலை போட்டால் பழுப்பு முட்டித் தள்ளி முன்னால் வரும். வெள்ளை பின்னால் நின்று, அது தின்று ஒதுக்கியதைத் தின்னும். இரண்டாம் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"முந்தித் திங்கது ஆம்பள. பிந்தி நிக்கது பொம்பள. இதுக்கு என்ன படிப்பு வேணும்?"

யாரும் மறுக்கவில்லை. ஏன் மறுப்பார்கள்? எங்கள் வீட்டில் அப்படித்தானே. முதலில் அப்பாவும் சித்தப்பாவும். பிறகு நாங்கள் பிள்ளைகள். பிறகு அம்மா. எல்லாருக்கும் கடைசியில் சித்தி, சட்டியை வழித்து. முதலில் சாப்பிடுவது ஆண், காத்திருப்பது பெண். எங்கள் தகரக் கூரை வரிசையில் எல்லா வீட்டிலும் அதுதான் கணக்கு. நீங்களும் நானும் அப்படித்தானே ஐம்பது வருஷம் சாப்பிட்டோம்.

அடுத்த கேள்வி வந்தது. ஆணும் பெண்ணும் ஒரே பெட்டியில் இரண்டு மாசமாகக் கிடக்கின்றன, குட்டி எங்கே? எலி என்றால் சதா போட்டுக்கொண்டே இருக்குமே. பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி வெள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். "அப்போ இவ மலடிதான்" என்றாள் அத்தை, வெள்ளையைப் பார்த்துக்கொண்டே. சித்தி அப்போது அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நிற்கவில்லை.

ஊரிலிருந்து அத்தை வேர்ப்பொடி கொண்டு வந்திருந்தாள், சித்திக்கு. விடிந்ததும் வெறும் வயிற்றில் கஷாயம். கசப்பில் சித்தி கண்ணில் தண்ணீர் வரும். குடித்து முடித்ததும் அத்தை டம்ளரை வாங்கிப் பார்ப்பாள், அடியில் மண்டி இருந்தால் அதைக் கோஸ் இலையில் தடவி வெள்ளைக்குக் கொடுப்பாள். "ரெண்டுக்கும் ஒரே கொறதான, தின்னட்டும்" என்பாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும். எலிக்கு இருந்த உரிமை சித்திக்கு இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இத்தனை டீ. அந்தச் சொல் எனக்குப் பிடித்துவிட்டது. அர்த்தம் தெரியாது. சொல்ல நன்றாக இருந்தது. வெள்ளைக்கு அதையே பெயராக வைத்தேன். பழுப்புக்கு மாப்பிள்ளை. "மலடி, வா வா, மலடி, இலை பாரு" என்று நாள் முழுக்கக் கூப்பிட்டேன். அத்தை சிரித்தாள். அம்மா என் தொடையில் கிள்ளினாள், ஏன் கிள்ளுகிறாள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். கிள்ளியதால் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

ஒருநாள் மழையில் நனைந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். வாசலிலிருந்தே, "மலடி, எங்கட்டி இருக்கே?" என்று கத்தினேன். உள்ளே சித்தி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் சட்டென்று திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். "இந்தா, கட்டிலுக்கு அடியில இருக்கா" என்றாள். குரலில் ஒன்றுமில்லை. எனக்குத் தலை துவட்டினாள்.

அத்தை அடுத்து ஒரு வேலை செய்தாள். வெள்ளையைத் தூக்கி ஒரு மண்ணெண்ணெய் டின்னில் போட்டு வாசல் பக்கம் வைக்கச் சொன்னாள். பழுப்புக்கு வேறு பெண் கொண்டு வா என்று சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா, "சரிக்கா" என்றார். நாளைக்கு, நாளை மறுநாள் என்று கடத்தினார். கொண்டு வரவும் இல்லை, முடியாது என்று சொல்லவும் இல்லை. இந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பேனாவை எறியத் தோன்றுகிறது.

இரண்டு நாள் பழுப்பு ஒன்றும் தின்னவில்லை. முந்தித் தின்கிற மாப்பிள்ளை, புத்தம்புது கோஸ் இலைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வெள்ளை டின்னைப் பல்லால் சுரண்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், அத்தை குளியல் மறைப்புக்குப் போன நேரம், சித்தி டின்னைக் கவிழ்த்து வெள்ளையை எடுத்துப் பெட்டிக்குள் விட்டாள். இரண்டும் ஒன்றையொன்று மூக்கால் தடவிவிட்டுச் சேர்ந்து இலையைத் தின்றன. சித்தி பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அத்தை வந்து பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

"ரெண்டையும் வெளியேத்துட்டி. கெளம்புத நாளைக்கு முன்னால இந்தச் சனியன் வீட்ல இருக்கக் கூடாது."

"சரி மதினி. ரெண்டையும் ஒரே எடத்துல விட்டுட்டுத்தான் ரயில் ஏறுவேன். ஒண்ண மட்டும் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. ரயிலுக்கு எட்டு நாள் இருந்தது.

அந்த எட்டு நாளும் பெட்டியின் ஒரு பக்கத்தைச் சித்தியும் ஒரு பக்கத்தை நானும் பிடித்துக்கொண்டு அலைந்தோம். பெட்டிமேல் ஒரு கோணி, கோணிமேல் மழை. முதலில் எங்கள் வரிசையிலேயே கேட்டோம். பழுப்பை மட்டும் கொடு என்றார்கள் இரண்டு வீட்டில். ஆண் ஆயிற்றே, நல்ல தீனி தின்கிறதே. வெள்ளையை யார் வைத்துக்கொள்வார்கள், அதை எங்கேயாவது விட்டுவிடு என்றார்கள். எங்கள் அத்தையின் தீர்ப்பு எங்களுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்விட்டிருந்தது.

மாதுங்காவில் அம்மாவிடம் அப்பளம் வாங்குகிற ஒரு மாமி இருந்தாள். பெரிய வீடு, பின்பக்கம் பால்கனி, செடித் தொட்டிகள். அங்கே போனோம். மாமிக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. மாமிசம் ஏதும் தின்னுமா என்று கேட்டாள். புல்லும் இலையும்தான் என்றோம். எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள், சித்திக்கு ஒரு டம்ளர் காபி. இரண்டையும் இங்கேயே விட்டுவிடு, பேரனுக்குப் பொழுது போகும் என்றாள். சித்தியின் முகம் மலர்ந்தது. பெட்டியிலிருந்து கோணியை எடுத்துவிட்டாள். மாமி குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை ஈடு குட்டி போட்டிருக்கு?"

நான்தான் பதில் சொன்னேன். யாராவது கேட்டால் முந்திக்கொண்டு சொல்வது என் வழக்கம். "ஒண்ணும் போடல மாமி. வெள்ளை மலடி" என்றேன்.

மாமி இரண்டடி பின்னால் போனாள். குரல் தாழ்ந்தது. "தப்பா எடுத்துக்காதேடிம்மா. ஆத்துல மாட்டுப்பொண் உண்டாயிருக்கா. இந்த நேரத்துல வேண்டாம்." சொல்லிவிட்டுச் சித்தியை ஒரு பார்வை பார்த்தாள். உனக்கு எத்தனை குழந்தை என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

சித்தி காபியைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள். பெட்டியைத் தூக்கினோம். மாதுங்கா பூக்கடைகளைத் தாண்டி நடந்தோம். நான் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே வந்தேன். இப்போது அந்தப் பிஸ்கட் என் தொண்டையில் நிற்கிறது. அப்போது நன்றாக இனித்தது.

ரயிலுக்கு முதல் நாள், செம்பூரில் செடி விற்கிற ஒரு மராட்டிக்காரி முயல் வளர்க்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். சயானிலிருந்து பஸ். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து முறைத்தார். கோணிக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்ததும், விசில் அடித்தது யார் என்று பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சிரிக்கிறாள்.

நர்சரி என்பது சாலை ஓரத்தில் ஒரு வேலி, உள்ளே செம்பருத்தியும் குரோட்டன்ஸும், மூலையில் ஓலைச் சாய்ப்பு. அந்த பாய், மராட்டிக்காரிகளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம், எங்களைவிட உயரம். சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டி முழங்கால்வரை சேறாக நின்றாள். சித்தி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், பிரிக்கக் கூடாது. குட்டி போடாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றாள். வெள்ளைக்குத்தான் குறை, பழுப்பு நல்ல ஆண் என்றாள். அத்தையின் சொற்களை அத்தை மாதிரியே சொன்னாள்.

பாய் பழுப்பைத் தூக்கினாள். மல்லாத்தினாள். கட்டை விரலால் அடிவயிற்றை லேசாக அமுக்கிப் பார்த்தாள். கீழே விட்டுவிட்டு வெள்ளையைத் தூக்கினாள். அதையும் மல்லாத்தினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தோனோ மாதீ ஹை" என்றாள். இரண்டுமே பெண்.

சித்தி மறுபடி பார்க்கச் சொன்னாள். பாய் மறுபடி பார்த்தாள், ஒரு முயலைத் தூக்கி வந்து ஆண் என்றால் எப்படி இருக்கும் என்று காட்டவும் செய்தாள். இதை ஆண் என்று யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்டாள். சித்தி ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இது முதலில் சாப்பிடும், அதனால் என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் சிரித்த சிரிப்பு இல்லை இது. பாயும் சேர்ந்து சிரித்தாள். பிறகு பாய் நிறுத்தினாள், சித்தி நிறுத்தவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

பாய் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். சாய்ப்பில் முயல்களுக்குப் பக்கத்தில் தனிக் கூண்டு, கீழே காய்ந்த புல். விட்டதும் பழுப்பு முன்னால் ஓடியது, வெள்ளை பின்னால் போய் அதன் விலாவில் ஒட்டிக்கொண்டது. இதுகளுக்குப் பெயர் உண்டா என்று பாய் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். சித்தி என் கையைப் பிடித்தாள். கிள்ளவில்லை, சும்மா பிடித்தாள்.

"பேரு இன்னும் வைக்கல" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். பிறகு அதையே பாயிடம் இந்தியில் சொன்னாள்.

காலிப் பெட்டியை அந்த பாய் செடி வைக்கக் கேட்டாள். கொடுத்துவிட்டோம். அந்தப் பெட்டிக்காக நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டில் அத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சித்தியின் டிரங்குப் பெட்டியும் கட்டித் தயாராகக் கதவோரம் இருந்தது. அம்மா சோறு வடித்திருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாற வேண்டியது சித்தி. அவள் காலைக் கழுவிவிட்டு வந்து, ஒரு தட்டை எடுத்துத் தனக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். நடு அறையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அலைந்ததில் பசி போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

"ஏட்டி, ஆம்பளைய ஒக்காந்திருக்காவ, ஒனக்குக் கண்ணு தெரியலையா?" என்றாள் அத்தை.

சித்தி வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "முந்தித் திங்கது ஆம்பளன்னு சொன்னியளே மதினி. அது ரெண்டும் பொட்ட. அந்த பாய் தூக்கித் திருப்பிப் பாத்துச் சொல்லிட்டா. ரெண்டு மாசமா நம்ம வீட்ல ஒருத்தரும் திருப்பிப் பாக்கல."

அத்தை ஏதோ சொல்ல வந்தாள். சித்தி அவளைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

சித்தப்பா காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை நின்றிருந்தது, கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். "தெரியும்" என்றார். "ஒரே கூண்டுல இருந்துதான் எடுத்தேன். அங்க பொட்டையத் தனியாத்தான் வச்சிருப்பாவ. அக்கா சொல்லும்போது என்னத்தச் சொல்லன்னு விட்டுட்டேன்."

சித்தி இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"வேற என்னெல்லாம் தெரியும் ஒங்களுக்கு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். சித்தப்பா தட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

"ரெண்டு வருசம் முன்னால டாக்டர்ட்ட காட்டினேன். கொற எங்கிட்டதான்."

இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் சித்தி எத்தனை கோயில் சுற்றினாள், எத்தனை விரதம் இருந்தாள், அந்த ஆடி முழுக்க எத்தனை டம்ளர் கஷாயம் குடித்தாள். எல்லாம் அவர் கண் முன்னால். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியவில்லை எனக்கு. புல் துடைக்கத் தன் பழைய வேட்டியையும் கிழித்துக் கொடுத்தவர். அவள் தனியாக இருக்கிறாளே என்று இரண்டு உயிரைத் தூக்கி வந்து மடியில் வைத்தவர். ஒரு வாக்கியம்தான் அவரால் கொண்டு வர முடியவில்லை. எலியைத் தூக்கி வருவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

சித்தி தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கதவோரம் கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் தானே இழுத்துக் கட்டிலுக்கு அடியில், மாம்பழப் பெட்டி இருந்த இடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அம்மா ஆண்களுக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் அத்தை தனியாக ரயில் ஏறினாள். பம்பாய்த் தண்ணீர் சரியில்லை, அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்று ஊரில் சொன்னாளாம். சொல்லிக்கொள்ளட்டும். சித்தப்பாவோடு சித்தி கடைசிவரை வாழ்ந்தாள். அவருக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், படுத்த படுக்கையானபோது பார்த்தாள். காத்திருந்து சாப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். பசித்தபோது தட்டை எடுத்து உட்கார்ந்துவிடுவாள். வரிசையில் இதைப் பற்றி எவ்வளவோ பேச்சு. உங்களில் சிலருடைய அம்மாக்கள்தான் அதிகம் பேசினார்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. பேசிய அவர்களே வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைக் கொண்டு வந்து சித்தியிடம்தான் விட்டுவிட்டுப் போனார்கள். நான் ஆறு வளர்த்தேன் என்று மேலே பெருமை அடித்தேனே, அந்த ஆறையும் துவட்டிவிட்ட கை அவளுடையது. எத்தனை பேர் வளர்த்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கு எண்ணிச் சொல்லவே நேரம் போதாது. யாரும் கேட்கவில்லை. எத்தனை பெற்றாய் என்றுதான் கேட்டார்கள்.

செம்பூருக்குச் சித்தியும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்போம். போகும்போது கோஸ் இலை கொண்டு போவோம். வெள்ளைக்கு அந்த பாய் ஒரு பெயர் வைத்திருந்தாள், மராட்டியில். எனக்கு மறந்துவிட்டது. நான் வைத்த பெயர் மறக்கவில்லை. அர்த்தம் எனக்குத் தெரிந்தது பன்னிரண்டு வயதில், வேறொருத்தியை யாரோ அப்படித் திட்டியபோது. வீட்டுக்கு ஓடி வந்தேன். சித்தி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், ஆனால் வாய் வரவில்லை. எங்கள் வீட்டு வியாதி அது. அவள் என்னைப் பார்த்துவிட்டு, "சாப்பிடுதியாட்டி?" என்றாள். சாப்பிட்டேன். அவள் போன பிறகும் கேட்கவில்லை. எங்கே கேட்பது?

பேத்தியிடம் சொல்லிவிட்டேன், கொண்டு வரட்டும். ஃபாரத்தில் என் பெயரையும் எழுதச் சொன்னேன். ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்ற இடத்தில், ஆச்சி எந்த ஊருக்கும் போகவில்லை என்று எழுதச் சொன்னேன். முன் அனுபவம் உண்டா என்று ஒரு கேள்வி. அதை நானே நிரப்புகிறேன், அவசரப்படாதே என்றேன்.

இப்போது அவள் வேலை முடிந்து வந்துவிட்டாள். செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், பாதியில் இந்திக்குத் தாவுவாள், கஷ்டமான இடத்தை முழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். அது இன்றைக்கு நடக்காது.

ஏட்டி, கையக் கழுவிட்டு இங்க வா. இந்த நோட்ட மொத வரில இருந்து சத்தமா வாசி. வெள்ளைக்கு நான் வச்ச பேரு வருத எடத்துல முழுங்காத. எத்தன தடவ வருதோ அத்தன தடவயும் வாசி. நான் கேக்கணும்.